மூலை உடைந்த முத்திரை

தைவானில், கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தைக்குப் போகிற சந்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சாவி வெட்டுவேன், முத்திரை செதுக்குவேன். இருபத்தொன்பது வருடமாக இதே வேலை. சாவியில் மயிரிழை தப்பினாலும் பூட்டு திறக்காது. அதனால் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. போன ஜனவரி பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நடந்ததையும் அளவு பிசகாமல்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு வேலை ஓடாத எரிச்சலில் நிமிடத்துக்கு ஒருதரம் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே நேரம்கூடச் சரியாக நினைவிருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் லாய் டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஓவியப் பாடம் எடுத்தவர். முப்பத்துநாலு வருடம் ஒரே பள்ளிக்கூடம். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. காலை ஆறு மணிக்கெல்லாம் மடக்கு ஸ்டூலும் குடையுமாக மீன் சந்தைக்கு வந்துவிடுவார். மழையில் நனைகிற படகு, கூடை, பூனை, எதையாவது வரைவார். சந்தையில் பாதிக் கடைகளின் பலகையில் இருக்கிற மீன் அவர் போட்டதுதான். "டீச்சர், என் மீனு ரொம்ப மெலிஞ்சு கிடக்கு, கொஞ்சம் சதை போடுங்களேன்" என்று மீன்காரப் பெண்கள் வம்புக்கு இழுப்பார்கள். அவரும் தூரிகையை எடுத்துக்கொண்டு போய் நிஜமாகவே சதை போட்டுவிட்டு வருவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எண்பத்தொரு வயதில், போன டிசம்பர் கடைசியில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரிடம் ஒரு முத்திரை இருந்தது. கட்டைவிரல் அகலச் சதுரக் கல். இருபது வயதில் தன் பெயரைத் தானே செதுக்கிக்கொண்டாராம். கண்ட படத்திலும் அதைக் குத்தமாட்டார். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாட்களில், வருடம் முழுக்க வரைந்ததை வீட்டுத் தரையில் விரித்துப்போட்டு, ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார். முடிந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டால் மூலையில் சிவப்பு மையில் ஒரு குத்து. படாவிட்டால் அந்தப் படம் அடுத்த வருடமும் அவர் கையில் பாடுபடும்.

மாணவர்களுக்கும் அதே சட்டம்தான். தைல வாடையோடு பின்னால் வந்து நிற்பார். நம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நிறுத்துவார். "இன்னும் முடியல" என்பார். திட்டுவதோ குட்டுவதோ கிடையாது. மூன்று வருடம் எனக்கு அது மட்டும்தான் கிடைத்தது. பள்ளி முடிகிற மாதம் ஒருநாள், "ஆ-லியாங், உன் கை வரையற கை இல்லடா. வெட்டற கை. போய்க் கல்லை வெட்டு" என்றார். அந்தச் சொல்லில்தான் இன்றைக்கும் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் போன செய்தி வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

டீச்சர் இருந்தது வாடகை வீடு. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டில் முப்பத்தொரு படங்கள் இருந்தன. அவருடைய தம்பி மகன் குவான்-யூ இரண்டு அறை வீட்டில் குழந்தை குட்டியோடு இருக்கிறவன். "எங்க அண்ணே வைக்கிறது? குப்பை வண்டிதான்" என்று சொல்லும்போது அவனுக்கே குரல் உடைந்தது.

அப்போதுதான் லீடர் பான் களத்தில் இறங்கினாள். எட்டாம் வகுப்பில் க்ளாஸ் லீடர் ஆனவள். இப்போது எங்களுக்கு ஐம்பத்துநாலு வயது. அவள் இன்னும் பதவியை விடவில்லை. ஊர் மண்டபத்தின் மாடியை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கினாள். அங்கே காட்சிக்கு வைத்த படங்களை மண்டபமே பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று எழுத்தில் உறுதியும் வாங்கினாள். முப்பத்தொரு படமும் பிழைத்துவிடும். இருபதாம் தேதி திறப்பு என்று முடிவாயிற்று.

ஆனால் வேலைக்கு ஆள் இல்லை. கைபேசியில் வகுப்புக் குழுவில் நாற்பத்துமூன்று பேர் இருக்கிறார்கள். டீச்சர் போன அன்று எல்லோரும் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். படம் மாட்ட ஆள் வேண்டும் என்றதும் கும்பிடுகிற பொம்மை அனுப்பினார்கள். ஒருத்தன் "மனசு முழுக்க உங்களோடதான் இருக்கு" என்று எழுதினான். அவன் மனசு வந்து ஆணி அடிக்குமா?

இது போதாதென்று பதினாறாம் தேதி மண்டபத்துக் காரியதரிசி அம்மா படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து எங்கேங்க? முத்திரையாவது வேணுமே. ரெண்டும் இல்லாத படத்தை ஏத்துக்க எங்களுக்கு விதி கிடையாது."

முப்பத்தொன்றிலும் முத்திரை இல்லை. இருக்காதுதான். புத்தாண்டு வருவதற்குள் டீச்சர் போய்விட்டாரே. அந்தக் கல்லையாவது தேடலாம் என்றால், வீட்டில் அதையும் காணோம். குவான்-யூ அரிசிப் பானை, செருப்பு அலமாரி, தலையணை உறை என்று எதையும் விட்டுவைக்காமல் தேடிவிட்டான்.

"எதுக்கு அலையணும்? நீ முத்திரை வெட்டறவன்தானே? இன்னொண்ணு வெட்டு" என்றாள் லீடர்.

"அது கள்ள முத்திரை."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"டீச்சருக்குத் தெரியும்."

"சரி, அப்போ டீச்சர்கிட்டயே கேட்டுருவோம்."

கேட்கிற வழி எங்களுக்கு இருக்கிறது. பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்வியைச் சொல்லிவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது. கோயிலில் சாமியிடமும் வீட்டில் செத்தவர்களிடமும் இப்படித்தான் கேட்போம். டீச்சர் புகைப்படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு லீடர் கட்டையைப் போட்டாள்.

இரண்டும் குப்புற விழுந்தன.

"டீச்சர், மூணே மூணு நாளைக்கு." குப்புற. "டீச்சர், ஓரமா, சின்னதா." குப்புற. "டீச்சர், இல்லாட்டி எல்லாம் குப்பைக்குப் போயிரும்." குப்புற. இப்படியே கேள்வியை மாற்றி மாற்றி எட்டு தடவை போட்டாள். எட்டு தடவையும் குப்புறத்தான் விழுந்தது. ஒன்பதாவது தடவை ஒன்று புரண்டு மல்லாந்தது.

"பார்த்தியா! ஒத்துக்கிட்டாங்க."

"எட்டு தடவை கூடாதுன்னாங்களே, லீடர்?"

"அது நம்மள சோதிச்சது. நீ கல்லை எடு."

எங்கள் ஊரில் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் கிடையாது. பெண் பார்க்கப் போகும் முன்பும் பரீட்சைக்கு முன்பும், சம்மதம் விழும்வரை போட்டுக்கொண்டே இருப்போம். விழுந்ததும் கட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். நானும் வாயை மூடிக்கொண்டேன். படங்கள் குப்பைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் கடை திறந்தபோது டீச்சர் ஒரு படம் கொடுத்திருந்தார். அதில் அவர் முத்திரை இருக்கிறது. நாலு மூலையும் கூர்மையான சதுரம். அதைப் பார்த்துத்தான் வெட்டினேன். முதல் கல் நடுவில் பிளந்தது. இரண்டாவது கல்லில் கடைசிக் கோட்டில் கத்தி வழுக்கியது. ஒரே வேலையில் இரண்டு கல் என்னிடம் போனதே இல்லை. கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் மீன் உருண்டை சூப் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாவது கல் தேறியது. அப்போது பத்தொன்பதாம் தேதி மதியம் இரண்டு பத்து.

மூன்று நாற்பதுக்கு மண்டப மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வழக்கம்போல மழை. மாடியில் முன்னறை, பின்னறை என்று இரண்டு. நடுவில் தள்ளுகதவு. நீள மேஜைகளில் லீடர் படங்களை விரித்து வைத்திருந்தாள். முன்னறையில் பதினாறு, பின்னறையில் பதினைந்து.

"நீ குத்திக்கிட்டே இரு. நான் பல் டாக்டர்கிட்ட போய்ட்டு ஏழு மணிக்கு வந்துர்றேன். வந்து மாட்டிரலாம்."

"இன்னைக்குத்தான் உனக்குப் பல் வலிக்கணுமா?"

"முகூர்த்தம் பார்த்தா வலிக்கும்?"

அவள் போய்விட்டாள். கீழே காரியதரிசி அம்மா மட்டும் இருந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டு. முதல் படம். சிவப்பு மைக்களிம்பில் கல்லைத் தொட்டு, படத்தின் இடது கீழ் மூலையில் வைத்து, அழுத்தி, எடுத்தேன்.

ஒன்றும் பதியவில்லை.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். மை பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கிடந்த செய்தித்தாளில் குத்தினேன். கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி விழுந்தது. மறுபடி படத்தில் குத்தினேன். வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

மழை ஈரம் என்று நினைத்தேன். ஈரம் உறிஞ்சும் மின்பெட்டியின் வேகத்தைக் கூட்டினேன். படத்துக்கு அடியில் கம்பளித் துணியை மடித்து வைத்தேன். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று மாற்றிப் பார்த்தேன். என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். செய்தித்தாள் பூராவும் டீச்சர் பெயர் வரிசை வரிசையாக விழுந்திருந்தது. படத்தில் ஒன்றுகூட விழவில்லை. நாலே முக்காலுக்குள் ஏழு படம் பார்த்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. எனக்கு வந்த கோபத்தில் கல்லை, மழையை, லீடரை, அவள் பல்லை எல்லாம் சேர்த்துத் திட்டினேன்.

மைக்களிம்புக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது ஒன்று கண்ணில் பட்டது. களிம்பில் என் கல் தொட்ட பள்ளங்கள் இருந்தன. அவற்றுக்கு அப்பால், ஓரத்தில், தனியாக இன்னொரு பள்ளம். அந்தப் பக்கம் நான் தொட்ட ஞாபகம் இல்லை. நான்தான் தொட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணி ஐந்து நிமிடம். வெளியே இருட்டிவிட்டது.

பின்னறையில் சத்தம் கேட்டது.

சர்... சர்...

ரப்பர் செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். இரண்டு எட்டு. பிறகு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, சர்... சர்... மறுபடி நின்றது.

"அம்மா, நீங்களா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. காரியதரிசி அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர்தான் பின் படி வழியாக ஏறி வந்து படம் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். யாரோ பார்க்கிறார்களே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு...

தொம்.

மெதுவாக, மேஜையில் எதையோ அழுத்துகிற சத்தம். அதைத் தொடர்ந்து, "ப்ச்" என்று ஒட்டியதைப் பிரிக்கிற சின்னச் சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இருபத்தொன்பது வருடமாகத் தினமும் கேட்கிறேன். காகிதத்திலிருந்து முத்திரைக் கல்லைத் தூக்குகிற சத்தம் அது.

மணி பார்த்தேன். ஐந்து பதினான்கு. தள்ளுகதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. பின் படிக் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. மேஜையில் பதினைந்து படங்கள். முதல் படம், மழையில் ஒரு மீன்கூடை. இடது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு முத்திரை.

விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? லீடர் வேறு யாரிடமோ ஒரு கல் வெட்டி வாங்கி, யாரையோ அனுப்பியிருக்கிறாள் என்பதுதான். அவ்வளவு எரிச்சலில் இருந்தேன். குனிந்து பார்த்தேன். எழுத்து டீச்சருடையதுதான். இழுப்பு, வளைவு எல்லாம் அவர் கை. ஆனால் வலது மேல் மூலை இல்லை. பல் விழுந்த மாதிரி, அந்த மூலை மட்டும் உடைந்து வெள்ளையாக இருந்தது.

என் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். நாலு மூலையும் முழுசாக இருந்தது.

ஐந்து இருபதுக்குக் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. தெருவே பையோடு ஓடியது. கீழ்க்கதவின் மணி கிணுகிணுத்தது. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். காரியதரிசி அம்மா ஒரு கையில் குடை, ஒரு கையில் குப்பைப் பையோடு தெருமுனையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அப்படியானால் இந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

சர்... சர்...

இப்போது சத்தம் முன்னறையில். நான் சற்று முன்பு நின்றிருந்த இடத்தில்.

நான் நகரவில்லை. நகர முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது. சர்... சர்... நிற்கிறது. காத்திருக்கிறேன். தொம். ப்ச். சர்... சர்... நிற்கிறது. தொம் இல்லை. மறுபடி சர்... சர்...

சில படங்களில் குத்துகிறது. சிலவற்றைத் தாண்டிப் போகிறது.

ஐந்து முப்பத்தொன்று. சத்தம் தள்ளுகதவுக்கு வந்தது. கதவு பாதி திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை. ஆனால் செருப்புச் சத்தம் உள்ளே வந்தது.

மீன் சந்தை வாடை வந்தது. கூடவே தைல வாடை.

என்னைத் தாண்டிப் போனது...

மேஜையின் இரண்டாவது படம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காகிதம் லேசாக அமுங்கியது. தொம். ப்ச். வெள்ளை மூலையில் சிவப்பு வந்திருந்தது.

மூன்றாவது படம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. காகிதத்தின் ஓரம் ஒரு தடவை தூக்கிப் பார்த்தமாதிரி எழுந்து படிந்தது.

தாண்டிவிட்டது.

நான் ஜன்னலோடு ஒட்டி நின்றேன். ஓடலாம்தான். ஆனால் வாசலுக்குப் போக மேஜையைத் தாண்ட வேண்டும்.

ஐந்து நாற்பத்தாறுக்குச் சத்தம் நின்றது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மழைச் சத்தம் மட்டும்.

எண்ணினேன். தொழில் பழக்கம், பயத்திலும் விடவில்லை. பின்னறையில் ஒன்பது. முன்னறையில் மெதுவாகப் போய் எண்ணினேன். பத்து. மொத்தம் பத்தொன்பதில் முத்திரை. பன்னிரண்டில் இல்லை.

நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே புரியவில்லை. ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டையும் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இன்னும் பன்னிரண்டு குத்து குத்தினால் எல்லாம் பிழைத்துவிடும். குத்தாவிட்டால் குப்பை. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன டீச்சர்?

வாய்விட்டே சொன்னேன். "டீச்சர், இதுங்க குப்பைக்குப் போயிரும்."

கல்லை மையில் தொட்டேன். படகுப் படம் ஒன்று பக்கத்தில் இருந்தது. மூலைக்கு மேல் கொண்டுபோனேன்.

மணிக்கட்டில் இரண்டு விரல் பட்டது.

ஜில்லென்று இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சூடாக இருந்தது. அடுப்புக்குள்ளிருந்து எடுத்த மாதிரி.

காதோரம்...

"இன்னும்... முடியல."

கல் என் கையிலிருந்து விழுந்தது.

அது தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஓடினேன்.

கீழே தெருவில், மழையில், வெளிச்சமான ஒரு பன் கடை வாசலில் நின்று மணி பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. மணிக்கட்டில் இரண்டு சாம்பல் தடம் இருந்தது. மழைத்தண்ணீரில் கழுவினேன், போய்விட்டது. கொப்புளம் இல்லை, வலி இல்லை.

ஏழு மணிக்கு வீங்கிய கன்னத்தோடு வந்த லீடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தாள். பிறகு மாடிக்கு ஏறி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். என் கல்லை மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடினோம். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

"உன் கல்லு எங்கேயோ இடிச்சு மூலை உடைஞ்சிருக்கும். அதுல குத்தியிருக்கே. பயத்துல உளர்றே" என்றாள்.

"அப்ப மிச்சம் பன்னிரண்டை ஏன் விட்டேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன்டா விட்டே?"

ஆனால் பின்னறை விளக்கை அணைக்க அவள் தனியாகப் போகவில்லை. என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் பத்தொன்பது படங்களோடு திறந்தோம். காரியதரிசி அம்மா பன்னிரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவோ கெஞ்சியும் விதி விதிதான் என்றார். மீன்காரப் பெண்கள் கடையைச் சாத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். ஒருத்தி தன் கூடைப் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கூடையை இவ்வளவு அழகா நான் பார்த்ததே இல்லையே" என்று விசும்பினாள். குழுவில் பொம்மை அனுப்பியவர்களும் வந்து படத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு நல்லதாக ஒன்று செய்துவிட்டோம் என்று எல்லோருக்கும் நிறைவு. எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், இருபத்திரண்டாம் தேதி, சாயங்காலம் நாலு மணி. படங்களை இறக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் குவான்-யூவின் மனைவி பெய்-ஜுன் வந்தாள். தைவானின் தெற்கே, காவ்சியுங்கில் ஆஸ்பத்திரி நர்ஸ். வாரக்கணக்கில் அங்கேயே இருப்பவள். டீச்சர் காரியத்துக்கு வந்துவிட்டு, தகனம் முடிந்த மறுநாளே ரயிலேறிவிட்டாள். கண்காட்சியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நடக்கிறது என்பது மட்டும்தான்.

மீன்கூடைப் படத்துக்கு முன்னால் நின்றாள். மூலையைப் பார்த்தாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அண்ணே, இதை யாரு குத்தினது?"

"ஏன்மா?"

"அத்தை முத்திரையை நான்தானே அத்தை கையில வச்சு அனுப்பினேன்."

என் கையிலிருந்த கயிறு நழுவியது.

"எப்போ?"

"பெட்டியை மூடறதுக்கு முன்னாடி. போன வருசம் அத்தை ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ என்கிட்ட சொல்லிவச்சாங்க. 'நான் போனப்புறம், பாசத்துல, முடியாத படத்துலயெல்லாம் குத்திருவாங்க பெய்-ஜுன். என் பசங்களை எனக்குத் தெரியும். கல்லை என் கையோட அனுப்பிடு'ன்னாங்க. வலது கையில வச்சு விரலை மடக்கி விட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "வீட்டையே புரட்டினோமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னை யாரு கேட்டாங்க?" என்றாள். நிஜம்தான். ஒரு போன் போட்டு அவளைக் கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

லீடர் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கல்லு... உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லை. நான் வைக்கும்போது முழுசா இருந்துச்சு."

பெய்-ஜுன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எட்டாம் தேதி தகனம். எலும்பு பொறுக்கக் கூப்பிட்டாங்க. இவரு பார்க்க முடியாம வெளிய போயிட்டாரு. நான் மட்டும்தான் நின்னேன். சாம்பலுக்குள்ள அந்தக் கல்லு கிடந்துச்சு, கறுத்துப்போயி. எடுத்து எலும்போட சேர்த்து ஜாடியில போட்டேன். என் கண் முன்னாடியே மூடிப் பூசிட்டாங்க. இவருகிட்டகூட சொல்லல."

அவள் கையை நீட்டி, முத்திரையின் வலது மேல் மூலையில், சிவப்பு இல்லாத அந்த இடத்தில், விரலை வைத்தாள்.

"தீயில இந்த மூலைதான் அண்ணே தெறிச்சுப்போச்சு."